ரைஃபிளில் ஸ்கோப்பை மட்டம் பார்த்துப் பொருத்துவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. .308 போல்ட் ரைஃபிளில் புதிதாக ஒரு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்தியிருக்கிறீர்கள். 100 மீட்டரில் ஜீரோ செய்த பிறகு, அதாவது குறிவைத்த புள்ளியிலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த பிறகு, அங்கே குண்டுகள் நடுவிலேயே விழுகின்றன. 300 மீட்டரில் 3 சென்டிமீட்டர் போல வலப்புறம் தள்ளிப் போகின்றன. 600 மீட்டரில், காற்று அசையாத அதிகாலையிலும், 20 சென்டிமீட்டருக்கு மேல் வலப்புறம் விலகுகின்றன. பொருத்தும்போது டரட்டின் (குறியை மேலும் கீழும் அல்லது இடவலமாக நகர்த்தத் திருப்பும் குமிழின்) மூடியின் மேல் ஒரு சிறிய ரசமட்டத்தை வைத்துச் சரிபார்த்திருக்கிறீர்கள். ஒரு நண்பர் ரெயிலோடு (ஸ்கோப்பைத் தாங்கத் துப்பாக்கியின் மேல் திருகிய பட்டையோடு) மட்டம் பார்க்கச் சொல்கிறார், இன்னொருவர் கண்ணால் பார்த்தாலே போதும் என்கிறார், இவற்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் தந்த எண்களே பெரும்பகுதி விடையைச் சொல்லிவிடுகின்றன. சுடும் நேரத்தில் உங்கள் ரெட்டிக்கிளின் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளின்) செங்குத்துக் கோடு உண்மையான செங்குத்தில் இல்லை; அதன் மேல்முனை ஏறக்குறைய 3 பாகை வலப்புறம் சாய்ந்திருக்கிறது. ஈர்ப்பு விசை குண்டை நேர் கீழாக மட்டுமே இழுக்கிறது. அந்த வீழ்ச்சியை ஈடுகட்ட நீங்கள் டரட்டைத் திருப்பி ஏற்றும் உயரமோ ஸ்கோப்பின் செங்குத்து அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமாகவே ஏறுகிறது. அந்த அச்சு வலப்புறம் சாய்ந்திருந்தால், ஏற்றிய உயரத்தின் ஒரு சிறு பங்கு பக்கவாட்டு விலகலாக மாறிவிடும். அந்தப் பங்கின் அளவு சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு. அதாவது இலக்கின் தளத்தில் ஒவ்வொரு மீட்டர் உயரம் ஏற்றும்போதும் 1 பாகைச் சாய்வு 1.75 சென்டிமீட்டர் விலகலைத் தரும். 3 பாகை என்றால் 5.2 சென்டிமீட்டர்.

இதை உங்கள் துப்பாக்கிக்கே போட்டுப் பார்ப்போம். 100 மீட்டர் ஜீரோவிலிருந்து 600 மீட்டருக்குச் செல்ல இந்த வகைக் குண்டுக்கு ஏறக்குறைய 5 மில் (1 மில் என்பது தூரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏற்ற வேண்டியிருக்கும். 600 மீட்டரில் 1 மில் என்பது 60 சென்டிமீட்டர் என்பதால், மொத்தம் 3 மீட்டர் உயரம். 3 பாகைச் சாய்வில் அது 15 முதல் 16 சென்டிமீட்டர் வரையிலான வலப்புற விலகல். 300 மீட்டருக்குத் தேவைப்படும் உயரம் அரை மீட்டருக்கும் குறைவு. விலகல் 2 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். 100 மீட்டரில் எதையும் ஏற்றுவதில்லை, ஆகவே விலகலும் இல்லை. இந்தக் கோளாறு குறுகிய தூரத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளாது என்பதால்தான் பலர் ஜீரோ சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் மாதக்கணக்காகக் காற்றையும் தோட்டாவையும் விசை இழுக்கும் விரலையும் சந்தேகித்துக்கொண்டிருக்கிறார்கள். டரட்டைத் திருப்பாமல் ரெட்டிக்கிளின் கீழ்க்கோடுகளை வைத்து உயரம் பிடிப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான், ஏனெனில் அவர்கள் பிடிக்கும் உயரமும் அதே சாய்ந்த கோட்டின் மேல்தான் இருக்கிறது. மீதமுள்ள சில சென்டிமீட்டருக்கு வேறொரு காரணம் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ரெயிலா, டரட் மூடியா, கண்ணா என்ற விவாதத்தில் இரண்டு வெவ்வேறு சாய்வுகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. முதலாவது, ரெட்டிக்கிள் ஈர்ப்புத் திசையிலிருந்து சாய்ந்திருப்பது. இரண்டாவது, ரெட்டிக்கிள் செங்குத்தாகவே இருக்க, துப்பாக்கியின் உடல் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது. அப்போது ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு நேர் மேலே இல்லாமல் சற்றுப் பக்கத்தில் நிற்கும். இந்த இரண்டாவது சாய்வின் விளைவையும் கணக்கிடலாம். ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, துப்பாக்கி 3 பாகை சாய்ந்திருக்கிறது என்று கொண்டால், பக்கவாட்டு இடைவெளி 2.6 மில்லிமீட்டர். 100 மீட்டரில் ஜீரோ செய்யும்போது அந்த இடைவெளி மறைந்து, அதன்பின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 2.6 மில்லிமீட்டர் வீதம் எதிர்ப்பக்கமாக வளரும். 600 மீட்டரில் 13 மில்லிமீட்டர். 1000 மீட்டரில்கூட இரண்டரை சென்டிமீட்டரை எட்டாது. அதே 1000 மீட்டரில் ரெட்டிக்கிள் 3 பாகை சாய்ந்திருந்து 10 மில் ஏற்றினால், விலகல் 52 சென்டிமீட்டர்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு முன்னுரிமையில் ஐயம் இருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. விசையை இழுக்கும் அந்தக் கணத்தில் ரெட்டிக்கிள் தூக்குநூலோடு (கனம் கட்டித் தொங்கவிட்ட நூலோடு) ஒத்திருக்க வேண்டும். துப்பாக்கியின் உடலோடு அது ஒத்திருப்பது விரும்பத்தக்கதே, என்றாலும் அது இரண்டாம் நிலைத் தேவை.

இனி செய்முறைக்கு வருவோம். முதலில் மேகசினைக் கழற்றி, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில்) தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, போல்ட்டையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். வேலை நடக்கும் மேசையில் தோட்டாக்களே இருக்கக் கூடாது. ரெயிலின் திருகுகளை ஸ்கோப் ஏறும் முன்பே எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசையில் இறுக்கிவிட வேண்டும். தளர்ந்த ரெயிலின் மேல் பார்க்கும் எந்த மட்டமும் நிலைக்காது. ஸ்கோப்பின் குழாயை ரெயிலோடு பிடித்து வைக்கும் ரிங்குகள் அந்தக் குழாயின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்துபவையா என்றும் பாருங்கள். 1 அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர், 30, 34 மில்லிமீட்டர் குழாய்களுக்குத் தனித்தனி ரிங்குகள் உண்டு.

மட்டம் பார்க்கும் முன் கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின்முனைக்கும் இடையிலான தூரத்தை முடிவு செய்துவிடுங்கள். ரிங்குகள் ஸ்கோப்பைத் தாங்கும் அளவுக்கு மட்டும் இறுகியிருக்கட்டும். உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, நீங்கள் வழக்கமாகச் சுடும் நிலையில் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறக்கும்போது ஓரங்களில் கரு நிழல் இல்லாமல் முழு வட்டமும் தெரிய வேண்டும். பெரும்பாலான ஸ்கோப்புகளில் இது 8 முதல் 10 சென்டிமீட்டர் தூரத்தில் அமையும். படுத்துச் சுடும்போது தலை முன்னால் நகரும் என்பதால், எந்த நிலையில் அதிகம் சுடுவீர்களோ அந்த நிலையிலேயே பாருங்கள். பிறகு வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கி, சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திரும்பாமல், கண்ணருகே உள்ள வளையத்தைத் திருப்பி ரெட்டிக்கிள் கூர்மையாகத் தெரியும்படி செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு விநாடிக்கு மேல் பார்க்காதீர்கள், ஏனெனில் கண் தானாகவே மங்கலை ஈடுகட்டத் தொடங்கிவிடும்.

தூக்குநூல்தான் இந்த வேலையின் உண்மையான அளவுகோல். கட்டடக் கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு போதும். அது இல்லையென்றால் பளிச்சென்ற நிறமுள்ள நைலான் நூலில் கனமான ஒரு பொருளைக் கட்டி, 20 அல்லது 30 மீட்டர் தூரத்தில் தொங்கவிடுங்கள். குண்டு ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கியிருந்தால் காற்றில் ஆடுவது உடனே அடங்கிவிடும். வீட்டுச் சுவரின் மூலையையோ கதவு நிலையையோ கொடிக்கம்பத்தையோ நம்ப வேண்டாம். அவை ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

துப்பாக்கியை இடுக்கியிலோ மணல் மூட்டைகளுக்கு இடையிலோ அசையாமல் நிறுத்தி, ரெயிலின் தட்டையான மேற்பரப்பில் நல்ல ரசமட்டத்தைக் குறுக்காக வைத்து, துப்பாக்கியின் உடலை மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்த ரசமட்டத்தையே முதலில் சோதித்துவிடுவது நல்லது. ஓரிடத்தில் வைத்துக் குமிழியைப் பாருங்கள், பிறகு 180 பாகை திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி வேறு இடத்தில் நின்றால் அந்தக் கருவி இந்த வேலைக்கு உதவாது. விரல் நீளமே உள்ள மலிவான ரசமட்டங்கள் இரண்டை ஒரே பரப்பில் வைத்தால் இரண்டும் இரண்டு விதமாகச் சொல்வதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பிறகு, துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்பை மட்டும் ரிங்குகளுக்குள் மெல்லச் சுழற்றி, ரெட்டிக்கிளின் செங்குத்துக் கோடு நூலின் மேல் படிந்து, நூலே கோட்டுக்குப் பின்னால் மறையும்படி செய்யுங்கள். நடுப்புள்ளியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கோட்டின் மேல்முனையும் கீழ்முனையும் நூலோடு ஒத்திருக்கின்றனவா என்பதே கேள்வி.

வெளியே இடம் இல்லாதவர்கள் அறைக்குள்ளேயே டார்ச் முறையைப் பயன்படுத்தலாம். இருட்டறையில் ஸ்கோப்பின் ஒரு முனையில் வலுவான ஒளியைச் செலுத்தினால், மறுமுனைக்கு எதிரே உள்ள சுவரில் ரெட்டிக்கிளின் நிழல் விழும். அந்தச் சுவரில் தூக்குநூலைத் தொங்கவிட்டு, நிழல்கோடு நூலோடு ஒத்துப்போகும்வரை ஸ்கோப்பைச் சுழற்றலாம். கண்ணைக் கோணலாக வைத்துப் பார்க்கும் பிழை இதில் அறவே இல்லை.

நீங்கள் செய்த முறையில் எங்கே தவறு நேர்ந்தது என்றால், டரட் மூடி என்பது திருகி மூடும் ஒரு பாகம் மட்டுமே. அதன் மேற்பரப்பு ரெட்டிக்கிளுக்குச் சரியான செங்கோணத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் உறுதி தருவதில்லை. அதன் மேல் வைத்த சிறு ரசமட்டத்தின் பிழையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. டரட் அறையின் அடிப்பகுதி தட்டையாக உள்ள ஸ்கோப்புகளில், அந்தத் தட்டைப் பரப்புக்கும் ரெயிலுக்கும் இடையே ஆப்பு வடிவக் கருவியையோ தடிமன் அளக்கும் தகடுகளையோ செருகி இணையாக்கும் முறை இதைவிடப் பல மடங்கு நம்பகமானது. நான் அதைத் தொடக்க நிலையாகப் பயன்படுத்துகிறேன். ஆனாலும் அது ஸ்கோப்பின் வெளிக்கூட்டைத்தான் மட்டம் பார்க்கிறது. உள்ளே இருக்கும் ரெட்டிக்கிளைத் தயாரிப்பாளர் எவ்வளவு கவனமாகப் பொருத்தியிருக்கிறார் என்பது தூக்குநூலைப் பார்த்தால்தான் தெரியும். கண்ணால் பார்த்தால் போதும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. தோளும் தலையும் சற்றுச் சாய்ந்திருக்கும் நிலையில் நம் கண் ரெட்டிக்கிளைத் துப்பாக்கியோடு ஒப்பிடுகிறதே தவிர, நிலத்தோடு ஒப்பிடுவதில்லை.

கோடும் நூலும் ஒத்துவந்த பிறகு எல்லாவற்றையும் கெடுக்கக்கூடிய கட்டம் வருகிறது: இறுக்குதல். ரிங்கின் மேல்மூடியை ஒரு பக்கத் திருகிலிருந்து இறுக்கத் தொடங்கினால், மூடி குழாயைப் பற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக இழுத்துச் சுழற்றிவிடும். கச்சிதமாக மட்டம் பார்த்த ஒரு ஸ்கோப் இறுக்கி முடித்தபோது ஒரு பாகைக்கு மேல் திரும்பியிருந்ததை நான் என் துப்பாக்கியிலேயே கண்டிருக்கிறேன். அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இது. எல்லாத் திருகுகளையும் விரல் பலத்துக்கு மட்டும் இறுக்கி, இரு பக்க இடைவெளிகளும் சமமாக இருப்பதை உறுதி செய்து, பிறகு மூலைக்கு மூலை மாற்றி மாற்றி ஒவ்வொரு திருகையும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தூக்குநூலை மீண்டும் பார்ப்பேன். சில வகை ரிங்குகளில் ஒரு பக்கத்தை முழுவதும் மூடிவிட்டு மறுபக்கத்தை மட்டும் இறுக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். அங்கே அவர் சொன்னபடியே செய்ய வேண்டும். ரிங் மூடித் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை சொல்லப்படுகிறது. அளவு காட்டும் டார்க் திருப்புளி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். இதற்கு மேல் இறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே நகர வேண்டிய பாகங்கள் தடைபடும். திருகுகளில் எண்ணெயோ பசையோ இட்டால் அதே முறுக்குவிசையில் பிடிப்பு கூடிவிடும் என்பதால், தயாரிப்பாளர் சொன்னாலொழிய ரிங் மூடித் திருகுகளை உலர்வாகவே இறுக்குங்கள்.

ரெட்டிக்கிள் இன்னும் நூலின் மேல் இருக்கும் அதே நிலையில், ஸ்கோப்பின் குழாயில் பொருத்தும் சிறு ரசமட்டத்தை மாட்டி, அதன் குமிழி நடுவில் நிற்கும்படி இறுக்கிவிடுங்கள். இந்தச் சிறு கருவியைத் தேவையற்ற அலங்காரம் என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. நீங்கள் மேசையில் எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினாலும், சரிவான நிலத்தில் படுத்துச் சுடும்போது துப்பாக்கியை நேராகப் பிடித்திருக்கிறீர்களா என்பதை உங்களுக்குச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். ரெயிலிலேயே அசைக்க முடியாதபடி அமைந்த ரசமட்டம் ரெயிலின் மட்டத்தைக் காட்டும். குழாயில் மாட்டுவதை ரெட்டிக்கிளுக்கு ஏற்பவே நிலைநிறுத்த முடியும் என்பதால் எனக்கு இதுவே உகந்தது.

சிலருக்குத் தோளின் அமைப்பால் துப்பாக்கி இயல்பாகவே இரண்டு மூன்று பாகை சாய்ந்து நிற்கும். குமிழியை நடுவில் வைக்க ஒவ்வொரு முறையும் மணிக்கட்டால் முறுக்க வேண்டியிருந்தால், சுடும் கணத்தில் அந்த முறுக்கு தளர்ந்து குண்டு சிதறும். அப்படிப்பட்டவர்கள் முதலில் துப்பாக்கிக் கட்டையின் அடித்தட்டைச் சரிசெய்து பார்க்கட்டும். அது முடியாதபோது, துப்பாக்கியைத் தங்கள் இயல்பான சாய்விலேயே பிடித்து, அந்த நிலையில் ரெட்டிக்கிளைத் தூக்குநூலுக்கு நேராக்கிக்கொள்வதில் தவறே இல்லை. மேலே கணக்கிட்ட 13 மில்லிமீட்டர்தான் அதற்கான விலை. எப்போதும் அதே சாய்வில் பிடிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அடுத்து, குழலோடு நேராக்குதல். போல்ட்டை எடுத்த நிலையில் பின்புறமிருந்து குழலின் வழியே பார்த்து, 50 மீட்டரில் உள்ள ஓர் இலக்கை அந்தச் சிறு வட்டத்தின் நடுவில் கொண்டு வந்து, துப்பாக்கியை அசைக்காமல் டரட்டுகளைத் திருப்பி ரெட்டிக்கிளையும் அதே இலக்கில் வையுங்கள். இது முதல் குண்டைத் தாளில் விழச் செய்வதற்கு மட்டுமே; 25 மீட்டரிலும் பிறகு 100 மீட்டரிலும் சுட்டுத்தான் ஜீரோவை முடிக்க வேண்டும். அதற்குப் பக்கவாட்டு டரட்டின் மொத்தத் திருப்பலில் பெரும்பகுதி செலவாகிவிட்டால், ரெயிலோ அதன் திருகுத் துளைகளோ குழலுக்கு நேராக இல்லை என்று பொருள். அதை ஸ்கோப்பைச் சுழற்றிச் சரிசெய்ய முடியாது.

இனி சரிபார்த்தல். 100 மீட்டரை அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். லேசர் தூரமானிகளில் ஒரு மீட்டர் பிழை இருக்கக்கூடும், அது இங்கே ஒரு சதவீதம். அங்கே உயரமான பலகையில் தாள் ஒட்டி, தூக்குநூலைத் தொங்கவிட்டு, அதை ஒட்டியே ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள செங்குத்துக் கோடு வரையுங்கள். முதலில் சுடாமலே ஒரு சோதனை செய்யலாம். இடுக்கியில் பூட்டிய துப்பாக்கியின் ரெட்டிக்கிளைக் கோட்டின் மேல்முனையில் வைத்து, கையால் தொடும் அதிர்வைத் தவிர்த்தபடி டரட்டை 10 மில் ஏற்றினால், ரெட்டிக்கிளின் நடுப்புள்ளி கோட்டின் வழியாகவே சரியாக 1 மீட்டர் கீழே இறங்க வேண்டும். பிறகு சுட்டுப் பாருங்கள்: கோட்டின் அடியில் உள்ள புள்ளியைக் குறிவைத்து ஜீரோவில் 5 குண்டுகள், அதே புள்ளியைக் குறிவைத்து 10 மில் ஏற்றி இன்னும் 5 குண்டுகள். இரண்டாவது தொகுதி 1 மீட்டர் மேலே விழும் என்பதால், பின்னாலுள்ள மண்மேடு அந்த உயரத்தையும் தாராளமாக மறைக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இரு தொகுதிகளின் நடுப்புள்ளிகளும் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று அளந்தால், ஒவ்வொரு 1.75 சென்டிமீட்டர் வேறுபாடும் 1 பாகைச் சாய்வைக் குறிக்கும். தனிக் குண்டை அளக்காதீர்கள். தொகுதியின் சராசரியை எடுங்கள். செங்குத்தாக ஏறிய தூரம் 1 மீட்டருக்குக் கூடியோ குறைந்தோ இருந்தால் உங்கள் டரட்டின் கிளிக் அளவிலும் (ஒரு படி திருப்பும்போது நகரும் அளவிலும்) பிழை இருப்பது அதே சோதனையில் தெரிந்துவிடும்.

அரிதாக, ரெட்டிக்கிள் நூலோடு கச்சிதமாக ஒத்திருந்தும் டரட்டைத் திருப்பும்போது நடுப்புள்ளி கோட்டை விட்டு விலகிச் செல்லும். அந்த ஸ்கோப்பின் உள்ளே ரெட்டிக்கிளும் டரட்டின் அச்சும் ஒத்திருக்கவில்லை. விலகல் சிறியதாக இருந்து, நீங்கள் டரட்டைத் திருப்பிச் சுடுபவராக இருந்தால் டரட்டின் நகர்வை நூலுக்கு நேராக்குங்கள். ரெட்டிக்கிளின் கோடுகளால் உயரம் பிடிப்பவராக இருந்தால் ரெட்டிக்கிளை நேராக்குங்கள். ஒரு பாகையை எட்டும் வேறுபாடு என்றால் தயாரிப்பாளரிடம் திருப்பி அனுப்புவதே முறை.

கடைசியாக, உங்கள் 600 மீட்டர் விலகலில் மீதமுள்ள பகுதி. வலப்புறம் சுழலும் மரை (குண்டைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளங்கள்) உள்ள குழலிலிருந்து வரும் குண்டு, நெடுந்தூரத்தில் தன் சுழற்சியாலேயே சற்று வலப்புறம் நகரும். .308 வகைக் குண்டுக்கு 600 மீட்டரில் இது 7 சென்டிமீட்டரை ஒட்டியும், 1000 மீட்டரில் 20 முதல் 30 சென்டிமீட்டர் வரையும் இருக்கலாம். ஸ்கோப்பைச் சரியாக நேராக்கிய பிறகும் இந்த விலகல் உங்களிடம் இருக்கும். அதை அழிக்க ஸ்கோப்பை வேண்டுமென்றே சற்று இடப்புறம் சாய்த்து வைப்பவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அப்படிச் செய்தால் குமிழி, தூக்குநூல், உயரப் பலகைச் சோதனை ஆகிய மூன்றையும் இனி எதற்கும் அளவுகோலாகக் கொள்ள முடியாது. 600 மீட்டருக்கு உயரம் ஏற்றும்போதே பக்கவாட்டு டரட்டில் 0.1 மில் இடப்புறம் திருப்பிவிடுங்கள். அந்தத் தூரத்தில் அது 6 சென்டிமீட்டர்.

சரிபார்த்து முடித்ததும் ஒவ்வொரு ரிங்கும் குழாயும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வண்ணக்கோடு ஒன்றை இழுத்து வையுங்கள். முதல் 30 குண்டுகளுக்குப் பிறகு அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால், பின்னுதைப்பில் ஸ்கோப் ரிங்குக்குள் நகர்ந்திருக்கிறது; திருகுகளின் முறுக்குவிசையைப் பார்த்துவிட்டு, தூக்குநூலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.